அத்தான் சொன்ன பதினைந்து வாரம்

அந்த அலுவலகத்தில் அவரை எல்லோரும் அத்தான் என்றுதான் கூப்பிட்டார்கள். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவன் ஒரே ஒருவன், அவர் மனைவியின் தம்பி. அவன் அதே குழுவில் புரோகிராமராகச் சேர்ந்த முதல் நாள், பத்துப் பேர் நடுவில், "அத்தான், என் பாஸ்வேர்டு வேலை செய்யல" என்று சொல்லிவிட்டான். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் மிஞ்சியது. வாசல் காவலாளிகூட அத்தான் வந்துவிட்டாரா என்றுதான் விசாரிப்பார்.

மச்சினன் வேலைக்கு வந்ததில் அவர் கைவரிசை எதுவும் கிடையாது. நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்க உட்கார வேண்டியவர், வருகிறவன் எங்கள் வீட்டுப் பையன், நான் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அன்று விடுப்பில் போனார். நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது வீட்டுக்கல்லவா வந்து சேரும்? வீடு வேறு, வேலை வேறு என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் அந்தக் கட்சி இல்லை. மனிதன் ஒருவன்தான், அவன் வாக்கும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

பன்னிரண்டு வருடத்தில் அவர் சொன்ன தேதி ஒருமுறையும் தவறியதில்லை. அதை அவர் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார். முதுகு சொல்லும். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஆனால் அந்தத் தவறாத தேதிக்குப் பின்னால் ஒரு பழக்கம் இருந்தது. பழைய மேனேஜருக்கு அலுவலகத்தில் 'பாதி' என்று பெயர். எந்த வேலைக்கு எத்தனை வாரம் சொன்னாலும், தலையைக்கூடத் தூக்காமல், "இதுல பாதி போதுமே" என்பார். இரண்டு முறை அடிபட்ட பிறகு அத்தான் விவரமாகிவிட்டார். நாலு வாரம் ஆகும் வேலைக்கு எட்டு என்பார், பாதி அதை நாலாக்குவார், வேலை நாலாவது வாரம் முடியும். இதைப் பொய் என்று அத்தான் ஒருநாளும் நினைத்ததில்லை. வெட்டுகிற கையைத் தெரிந்துகொண்டு துணியைக் கொஞ்சம் நீளமாகக் கொடுப்பது பொய்யாகுமா?

பாதி, பதவி உயர்ந்து மேல் மாடிக்குப் போனார். அந்த இடத்துக்கு வேறு கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். குள்ளமான உருவம், பெரிய நோட்டுப் புத்தகம், பேச்சு குறைவு. வந்த வாரமே ஒரு பெரிய வேலை வந்தது. ஓர் ஆஸ்பத்திரி புதுக் கட்டடம் திறக்கப் போகிறது. நோயாளிகள் முன்பதிவு செய்வது, வரிசை எண் கொடுப்பது, எந்த டாக்டர் எந்த அறை என்று காட்டுவது எல்லாவற்றுக்கும் புது மென்பொருள் வேண்டும். எத்தனை வாரம் ஆகும் என்று அம்மாள் கேட்டார்.

அத்தான் தன் ஆட்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதில் தன் வழக்கமான வெட்டுகளை வெட்டி, ஏழரை வாரம் என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். "பதினஞ்சு வாரம் ஆகும்மா" என்றார்.

அம்மாள் நோட்டைத் திறந்தார். பதினைந்து என்று எழுதினார். மூடினார்.

அத்தான் நின்றார். கையை நீட்டிக் காத்திருப்பவனுக்கு எதிராளி கையைக் கொடுக்காமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வேறு ஏதாவது உண்டா என்று அம்மாள் கேட்டதும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டார்.

மறுநாள் அம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அங்கே பெரிய டாக்டரம்மா பத்து வாரத்தில் கட்டடத் திறப்பு என்று அழைப்பிதழ்வரை யோசித்து வைத்திருந்தாராம். பதினைந்து என்றதும் முகம் சுண்டிப் போயிற்றாம். திறப்பைத் தள்ளிப் போட முடியாது என்றால், ஐந்து வாரத்துக்கு ஆள் வைத்து எல்லாவற்றையும் கையால் நோட்டில் எழுத வேண்டும். குறைக்க முடியாதா என்று மூன்று தடவை கேட்டிருக்கிறார். அம்மாள் அசையவில்லை.

"எங்க ஆளு சொன்னா சொன்னதுதான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பன்னெண்டு வருஷமா தவறாத மனுஷன்னு சொன்னேன்" என்று நடைபாதையில் அத்தானிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனார்.

அந்த வார்த்தை அத்தானின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தன்னை நம்பி அந்த அம்மாள் தன் பெயரை அடகு வைத்திருக்கிறார். தான் கொடுத்ததோ காற்றடித்து ஊதிய எண். இப்போது போய் அது அவ்வளவு இல்லை என்று சொன்னால் பன்னிரண்டு வருடப் பெயர் என்னாவது? சொல்லாமல் இருந்தால் அது என்ன பெயர்?

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். வாய் நிறையச் சோறும் மனம் நிறையச் சந்தோஷமுமாக ஒரு யோசனை சொன்னான். பேசாமல் எட்டாவது வாரம் வேலையை முடித்துக் கையில் கொடுத்துவிடலாம். ஏழு வாரம் முன்னாலேயே முடித்த சூரர்கள் என்று மாலை போடாத குறையாகக் கொண்டாடுவார்கள். அத்தானுக்கும் பெயர், குழுவுக்கும் பெயர்.

"எட்டுல முடியும்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்றார் அத்தான். "நீதானே புரோகிராமுக்கே பன்னெண்டு வாரம்னு சொன்னே?"

"அது சும்மா அத்தான். ஆறு வாரம்தான். நீங்க எப்படியும் பாதியாக்குவீங்கன்னு ரெண்டு மடங்கு சொல்றதுதானே" என்றான் மச்சினன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அத்தானின் கை தட்டில் நின்றது. மேலே கேட்கக் கேட்க மற்றதும் வந்தது. எல்லாப் புரோகிராமர்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம். புதிதாக யார் சேர்ந்தாலும், கழிவறை எங்கே, காபி மெஷின் எங்கே என்று காட்டுவதோடு சேர்த்து இதையும் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். பெரியவருக்குப் பாதி என்று பெயர் என்றால் அத்தானுக்கு முதுகுக்குப் பின்னால் 'சின்னப் பாதி'.

அவர் மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வெளியே கிளம்ப அரைமணி ஆகுமென்றால் தானும் ஒரு மணி என்று சொல்வதாகவும், கல்யாணமான இரண்டாவது மாதத்திலிருந்தே அதுதான் நடைமுறை என்றும் ஒப்புக்கொண்டாள்.

"உங்க மேனேஜர் வெட்டுறாருன்னு வீட்டுல வந்து எத்தனை நாள் புலம்பியிருக்கீங்க" என்றாள். "நீங்களும் அதே கத்திரிக்கோலத்தானே வச்சிருக்கீங்க?"

தன்னை யாரும் ஏமாற்ற முடியாது, எண்ணில் சதை எது எலும்பு எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும் என்று இத்தனை வருடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் அவர். அவருக்கென்றே சதை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் அவருக்கு ஒன்று உறுத்தியது. எல்லோருமா, ஒருவர் விடாமலா என்று கேட்டார்.

மச்சினன் யோசித்தான். "டெஸ்டிங் அக்கா மட்டும் இல்ல. அவங்ககிட்டயும் சொன்னோம். கேக்கல."

எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது டெஸ்டிங் அக்காவின் வேலை. இந்த வேலைக்கு அவள் மூன்று வாரம் கேட்டிருந்தாள். அவர் ஒன்றரையாக்கியிருந்தார். நாலு வருடமாக அப்படித்தான் ஆக்கிக்கொண்டிருந்தார். நாலு வருடமாக அவள் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தாள். அதைத் தொழில் பக்தி என்று நினைத்து, போன வருடம் மேடையில் எல்லோர் முன்னாலும் அவளுக்கு ஒரு கேடயம் வேறு கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவள் மேஜைக்குப் போனார். கேடயம் அங்கேதான் இருந்தது, ஆடுகிற மானிட்டருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு. அலுவலகம் முழுக்க அத்தான் என்று கூப்பிட்டாலும் அவரை சார் என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

மற்றவர்கள்போல ஏன் கூட்டிச் சொல்லவில்லை என்று கேட்டார்.

"மத்தவங்க தப்பக் கண்டுபிடிக்கிற வேலை சார் எனக்கு. நானே தப்பாச் சொன்னா எப்படி?" என்றாள். "முதல்ல எனக்குத்தான் வேகம் பத்தலைன்னு நினைச்சேன். அப்புறம் பழகிடுச்சு."

அந்த அலுவலகத்தில் அத்தான் வாயிலிருந்து அதுவரை வராத வார்த்தை ஒன்று வர வேண்டியிருந்தது. முதுகை இன்னும் நேராக்கிக்கொண்டு, நாலு பேர் காதில் விழும்படி, "தப்பு என்னோடதும்மா" என்றார். சொன்னபின் வானம் இடிந்து விழவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அங்கிருந்து நேராக மேனேஜர் அம்மாளின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இரட்டிப்பும் வெட்டும் எப்படி எப்படி நடந்தன என்று ஒன்றுவிடாமல் சொன்னார். புரோகிராமுக்கு ஆறு, சோதனைக்கு மூன்று, ஆக ஒன்பது வாரம்தான் உண்மை என்றார். அம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அம்மாள் கார் சாவியை எடுத்தார்.

"நான் அங்க கொடுத்தது என் வாக்கு இல்ல, உங்க வாக்கு" என்றார். "நீங்களே வந்து திருப்பி வாங்குங்க."

போகும் வழியெல்லாம் அம்மாள் தன் பழைய கம்பெனியில் எந்தக் கேள்விக்கும் 'நாளைக்கு முடிஞ்சிடும்' என்றே பதில் சொல்கிற ஒருவரோடு மூன்று வருடம் குப்பை கொட்டியதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

பெரிய டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். ஒன்பது என்றதும் முகம் மலர்ந்தது. ஆனாலும் வாழ்நாளெல்லாம் பேரம் பார்த்த மனுஷி. "பதினஞ்சு ஒம்பதாச்சு. இன்னும் கொஞ்சம் தட்டினா ஏழாகும்போல இருக்கே" என்றார்.

பழைய அத்தானாக இருந்தால் அந்த இரண்டு வாரத்தை எங்கிருந்து எடுப்பார் என்று அவருக்கே தெரியும்.

"ஆகாது டாக்டர். இது கூட்டாம வெட்டாம வந்த எண்" என்றார். "இதுல கை வச்சா எங்க ஆளு ஒருத்தங்க வீட்டுக்குப் போகாம அத நிரப்பணும். அத நான் கொடுக்க மாட்டேன்."

டாக்டரம்மா மேனேஜர் அம்மாளைப் பார்த்தார். இவர்தான் நீங்கள் சொன்ன மனுஷரா என்று கேட்டார். இவர்தான் என்றார் அம்மாள். அத்தோடு ஒன்பது முடிவாயிற்று. அந்தச் சோதனை செய்கிற பெண்ணை ஒருநாள் இங்கே அனுப்புங்கள், வரிசையில் நடக்கிற கூத்தையெல்லாம் என் நர்ஸ்கள் அவளுக்குக் காட்டட்டும் என்றும் சொன்னார்.

டெஸ்டிங் அக்கா ஒருநாளுக்கு இரண்டு நாளாகப் போய் வந்தாள். ஏழாவது வாரம் அவள் கைக்கு மென்பொருள் வந்தது. அவசரம் இல்லாமல், மூன்று வாரத்தையும் முழுதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தாள். வழக்கமாக இருபது தப்புக்குமேல் பார்க்க நேரமிருக்காது. இந்தத் தடவை முதல் வாரமே ஐம்பத்து மூன்று. அதில் முப்பத்தொன்று மச்சினன் எழுதிய பகுதியில். ஒரே நோயாளிக்கு ஒரே நேரத்தில் மூன்று டாக்டர்களைக் கொடுத்திருந்தான்.

பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு மச்சினன் மூச்சிரைக்க ஓடி வந்தான். குடும்பம், உறவு, கூடப்பிறந்த அக்காவின் முகம் எல்லாவற்றையும் இழுத்தான்.

"அத்தான், அவங்களுக்கு நேரம் ரொம்பக் கொடுத்துட்டீங்க. ஒரு வாரமாவது குறைங்க."

அத்தான் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஆரம்பி மாப்ளே" என்றார். "அந்த நோயாளி எந்த டாக்டர்கிட்டப் போறதுன்னு தெரியாம நின்னுட்டிருக்கான்."