உள்பக்கத் தாழ்ப்பாள்

வெல்டருக்குச் சொந்த வீடு அமைந்து பதினெட்டு வருடமாகிறது. இன்றும் செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். “இந்தப் பிஞ்ச செருப்பத் திருட ஒருத்தன் வந்தா, நானே எடுத்துக் குடுத்து அனுப்புவேன்” என்று மனைவி கிண்டல் செய்வாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனாலும் செருப்பை வாசலில் விட மனம் வராது. பேருந்து நிலையத்துப் பெஞ்சில் வளர்ந்த பிள்ளைக்குத் தொட்டில் பழக்கம் அவ்வளவு லேசில் போய்விடுமா?

அதே பேருந்து நிலையத்தில் பன்னிரண்டு பெஞ்சுகளுக்குக் கைப்பிடி வைக்கும் வேலை வந்தபோது அவர் மகிழ்ந்துதான் போனார். வயதானவர்கள் ஊன்றி எழுவதற்கு என்று நினைத்துக்கொண்டார். காலையில் போய் நின்ற பிறகுதான் நிலையக் கண்காணிப்பாளர் விளக்கினார். கம்பி ஓரத்தில் அல்ல, பெஞ்சின் நடுவில். உட்காரலாம், படுக்க முடியாது. பயணிகள் தினமும் புகார் சொல்கிறார்களாம்.

வெல்டர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மூன்றாவது பெஞ்சுக்குப் போனார். அதுதான் அவருடைய பழைய வீடு. பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் அம்மா, மாலையில் அந்தப் பெஞ்சை ஈரத்துணியால் துடைப்பாள். “இந்தக் கோடி அடுப்பங்கரை, அந்தக் கோடி கூடம். காலத் தொடச்சுட்டு ஏறுடா” என்பாள். பையன் அடுப்பங்கரையில் கால் நீட்டினால் அதட்டல் விழும். அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க அவர் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்.

இப்போது அந்தப் பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண், சின்ன மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வெல்டர் நினைவு எங்கேயோ இருக்க, அளவெடுக்கப் பெஞ்சின் மேல் கால் வைத்துவிட்டார்.

“அண்ணா, செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. நாங்க படுக்கிற இடம்” என்றாள் அவள், மெதுவாக.

வெல்டர் சட்டென்று காலை எடுத்தார். செருப்பைக் கழற்றினார். அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனார்.

“என்னால முடியாது சார். பின்னால பூட்டிக் கெடக்கிற பார்சல் ரூம மூணாவது பெஞ்சுல படுக்கிற தாய்க்கும் புள்ளைக்கும் தெறந்து விடுங்க. கதவ நானே சரி பண்ணித் தர்றேன்.”

“இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குவாங்கய்யா.”

“மடம் வேணாம் சார், இடமே போதும். நான் அந்த ரூம்ல இருந்து படிச்சவன்.”

கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். வெல்டர் எல்லாவற்றையும் சொன்னார். பார்சல் பிரிவில் வேலை பார்த்த ஓர் அக்கா, மேலதிகாரிகளிடம் மன்றாடி அந்த அறையை வாங்கிக் கொடுத்ததையும், முதல் நாள் அம்மா உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து, பத்தாவது முறை போட்டுவிட்டு அழுததையும், அந்த அறையின் முகவரியில்தான் பள்ளிக்கூடத்தில் தன்னைச் சேர்த்ததையும் சொன்னார்.

சொன்னவுடன் கதவு திறந்துவிடவில்லை. வெல்டர் மூன்று வாரம் நடையாய் நடந்தார். ஓட்டுநர்களிடமும் டீக்கடைக்காரரிடமும் கையெழுத்து வாங்கினார். கடைசியில் கண்காணிப்பாளரே மேலிடத்துக்கு எழுதினார். கைப்பிடிகள் பெஞ்சின் இரண்டு ஓரங்களிலும் ஏறின. அறையிலிருந்த உடைந்த நாற்காலிகள் வெளியே போயின. புதுத் தாழ்ப்பாளை வெல்டர் தன் கையாலேயே உள்பக்கம் பொருத்தினார். அன்று இரவு தாயும் மகளும் அங்கே படுத்தார்கள்.

மறுநாள் காலை கண்காணிப்பாளர் அறையைப் பார்க்க வந்தார். வெல்டரும் உடன் வந்தார். பெஞ்சில் படுத்திருப்பவர்களைத் தடியால் தட்டி எழுப்பிப் பழகிய கண்காணிப்பாளரின் கை, வழக்கம்போலக் கதவைத் தட்டியது.

“யாரு?” என்றது உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல்.

கண்காணிப்பாளர் கையை இறக்கினார். இத்தனை வருட வேலையில், அங்கே படுத்திருந்த ஒருவர்கூட அவரை அப்படிக் கேட்டதில்லை. பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார்.

“நான்தாம்மா, ஆபீஸ்லேருந்து. உள்ள வரலாமா?”

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அவர் வெல்டர் பக்கம் திரும்பினார்.

“வீடுன்னா செவுரும் கூரையும்னு நெனச்சிட்டிருந்தேன்யா. ‘யாரு’ன்னு கேக்க ஒரு கதவு வேணும். அதக் கேக்க முடியாம ஒருத்தர் வெளிய கெடந்தா, அது அவங்க குத்தம் இல்ல. தொறக்காம பூட்டி வச்சிருக்கிற நம்ம குத்தம்.”

அன்று வீட்டுக்குப் போனதும் வெல்டர் செருப்பை வாசலிலேயே விட்டார்.