ஞாயிற்றுக்கிழமை மூச்சு

மூன்றாவது சரணத்தில் ஜெயசீலி பாடுவதை நிறுத்திவிட்டாள். ஆண்கள் பக்கம் நின்றிருந்த எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது. செம்பாக்கத்தில் எங்கள் சபையில் அந்த உச்சத்தைத் தடுமாறாமல் பிடிப்பது என் மனைவி ஒருத்திதான். திரும்பிப் பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தை முன் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் வலி இல்லை. தெரிந்த ஒருவரின் பெயர் மறந்துபோனதைப் போன்ற யோசனைதான் இருந்தது. ஆராதனை முடிந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது கேட்டேன்.

"வலிக்குதா?"

"வலியில்லீங்க. மூச்சு உள்ள போகுது, பாதி வழியில நின்னுடுது. ப்ளவுஸை ரெண்டு சைஸ் சின்னதா தச்சுட்ட மாதிரி."

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளன். மாணவர்கள் கொண்டுவரும் ரீடிங்கில் எங்கே தப்பு நடந்தது என்று தேடித் தேடியே முப்பது வருடம் ஓடிவிட்டது. எதற்கும் காரணம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சாம்பாரில் உப்புக் கூடினால்கூட எப்படி என்று விசாரிக்கிற ஆள் என்று ஜெயசீலி என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். இப்போது விசாரணைக்கு அவள் நெஞ்சே கிடைத்துவிட்டது.

சென்னையில் நெஞ்சில் எது வந்தாலும் முதல் தீர்ப்பு கேஸ் டிரபிள் என்பதுதான். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்று ஒரு மாதம் போனது. ஈசிஜி எடுத்தோம், எக்கோ எடுத்தோம், இதயம் சமர்த்தாக இருந்தது. கடைசியில் சேலையூரில் ஹேமாவதி என்ற நுரையீரல் டாக்டரிடம் போனோம். வீட்டில் புகை உண்டா, ஊதுபத்தி உண்டா, கொசுவத்தி உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "கோழி, கிளி, புறா ஏதாவது வளக்கறீங்களா?" என்றார்.

"இல்ல டாக்டர், நாங்க எதுவும் வளக்கலை" என்றாள் ஜெயசீலி. நானும் தலையாட்டினேன்.

இன்ஹேலர் கொடுத்தார். அது பாதிதான் கேட்டது. நான் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். எட்டு வாரம் எழுதியதில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இறுக்கம் தினமும் கொஞ்சம் இருந்தாலும் ஞாயிறு காலையில்தான் ஆளை அமுக்குகிறது. திங்கள், செவ்வாயில் மெல்லத் தளர்கிறது. சரி, கோயிலில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். பட்டுச்சேலையில் இருக்கும் அந்துருண்டை வாசனையைச் சந்தேகப்பட்டேன். அவள் நூல்சேலை கட்டிக்கொண்டு வந்தாள், அப்போதும் வந்தது. பீடத்தில் வைக்கும் சம்பங்கியைச் சந்தேகப்பட்டு அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினேன். அங்கே சபையைப் பெருக்கும் கன்னியம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இது பிசாசு வேலைம்மா. கோயிலுக்கு வர்ற நாளாப் பாத்துப் புடிக்குது பாரேன்" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. அன்று திரும்பி வந்தபோது ஜெயசீலி முதல் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டு, "ஜூன்ல ஸ்கூல் தொறக்குது. நாப்பது பிள்ளைங்களுக்கு முன்னாடி நின்னு சத்தமா வாசிக்கணும். என்னால முடியலன்னா என்னங்க பண்றது?" என்றாள். இருபத்திரண்டு வருடமாக ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவள் அவள். எனக்குப் பயமாக இருந்தது. நோட்டு, பேனா, ஆராய்ச்சி எல்லாம் பயத்தை மறைக்கத்தான் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். இரண்டு நுரையீரலிலும் மூடுபனி மாதிரி ஒரு மங்கல். "ஏதோ ஒண்ணு மூச்சோட உள்ள போய் அலர்ஜி பண்ணுது. அது என்னன்னு கண்டுபிடிச்சு நிறுத்திட்டா சரியாயிடும். நிறுத்தலேன்னா தழும்பு விழுந்துடும். விழுந்த தழும்பு திரும்பாது, சார்" என்றார்.

மே மாதம் அவள் தங்கை ரோஸி வீட்டுக்கு நாவலூர் போனோம். லிப்ட் கெட்டுப்போயிருந்தது. ஐந்து மாடி ஏறினோம். முதல் நாள் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினாள். ஆறாம் நாள் சனிக்கிழமை. காய்கறிப் பையோடு பேசிக்கொண்டே ஏறி, கதவைத் திறந்து, ரோஸியிடம் முருங்கைக்காய் விலையைச் சொல்லி அலுத்துக்கொண்டாள். ஒரே ஒரு முறைதான் நின்றாள், அதுவும் செருப்பு வாரைச் சரிசெய்ய. மறுநாள் ஞாயிறு, அங்குள்ள ஒரு சபையில் மூன்றாவது சரணத்தையும் தாண்டிப் பாடினாள். எனக்கு அன்று பிரசங்கம் காதில் ஏறவில்லை. அப்படியானால் கோயில் இல்லை, வீடு. இந்த வீட்டில் இல்லாதது எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? சாலைத் தூசி இங்கேதான் அதிகம். நாய் இங்கே உண்டு, அங்கே கிடையாது. கொசுவுக்கு இரண்டு வீட்டிலும் ஒரே மருந்து. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே பால்கனிக்குப் போனேன். பால்கனி முழுக்க நைலான் வலை.

"எதுக்கு இது?"

"புறா தொல்லைதான் அத்தான். எச்சம் காஞ்சு தூளாப் பறந்தா லங்ஸுக்கு ஆகாதாம். போன வருஷம் போட்டோம்" என்றாள் ரோஸி.

பிடித்திருந்த பால்கனிக் கைப்பிடியை நான் விடவேயில்லை.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுப் பிரதிஷ்டை அன்று, போதகர் வேதசிரோமணி கை உயர்த்தி ஜெபித்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஜோடிப் புறா பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பரிசுத்த ஆவி புறாவைப் போல இறங்கி வந்தார் என்பது வேதத்தில் இருக்கிறதே. இரண்டு மூன்று பேர் அழுதேவிட்டார்கள். அன்றிலிருந்து ஜெயசீலிக்கு அது "அவங்க". "அவங்க வந்துட்டாங்க, அரிசி வைங்க" என்பாள். ஏசி பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டினார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கட்டினார்கள். டாக்டர் கேட்டபோது நாங்கள் பொய் சொல்லவில்லை. பரிசுத்த ஆவியை யாராவது வளர்ப்பார்களா?

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் துடைப்பத்தைத் தொடக்கூடாது என்று வளர்ந்தவன் நான். வாரத்து எச்சத்தையெல்லாம் சனிக்கிழமை சாயந்திரம் தென்னந்துடைப்பத்தால் வறட்டு வறட்டென்று சுரண்டித் தள்ளுவேன். அவள் கஷ்டப்படக் கூடாதே என்று, பால்கனிக் கதவை விரியத் திறந்துவைத்து, ஒரு துகள் விடாமல். அவள் உள்ளே உட்கார்ந்து மறுநாள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். எட்டு வாரமாக நோட்டில் எழுதிய ஞாயிறுகளையெல்லாம் சனிக்கிழமைகளில் நானேதான் தயார்செய்திருக்கிறேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

"வளக்கலைன்னு சொன்னீங்களே, சுவிசேஷமுத்து சார்?"

"வளக்கலை டாக்டர். அதுவா வருது."

"நுரையீரலுக்கு அதெல்லாம் தெரியாது சார்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சில வாரங்களுக்கு மாத்திரை எழுதித் தந்தார். வீடு சுத்தமாகும்வரை ஜெயசீலி அந்தப் பக்கமே வரக்கூடாது, எச்சத்தைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, முகமூடி போட்டுக்கொண்டு அள்ள வேண்டும், பிறகு வலை போட வேண்டும் என்றார்.

வலை கட்டுகிற ஜெயவேலு மறுநாளே வந்தார். ஏசி பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இன்னா சார், குஞ்சு ரெண்டு கீது. கண்ணே இப்பத்தான் தொறந்துக்கினு கீது. தூக்கி மொட்டை மாடில வெச்சுட்டா காக்கா பாத்துக்கும். நீ உள்ள போய் ஒரு காபி குடி, வந்து பாக்கசொல்ல ஒண்ணும் இருக்காது."

ரோஸி வீட்டிலேயே விட்டுவந்திருந்த ஜெயசீலிக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, குஞ்சுகளைச் சொன்னேன்.

"எத்தனை நாள்ல பறக்குமாம்?"

"ஒரு மாசம் ஆவும்மா" என்று ஜெயவேலு இங்கிருந்தே கத்தினார்.

"அப்ப நான் ஒரு மாசம் இங்கயே இருக்கேன். ஸ்கூல் தொறக்க அஞ்சு வாரம் இருக்குல்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் நெஞ்சைவிட ரெண்டு குஞ்சு பெருசா உனக்கு?"

"என் நெஞ்சு இங்க நல்லாத்தாங்க இருக்கு. அதுங்களுக்குத்தான் போக இடமில்ல."

அதுங்க என்றாள். ஆறு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அப்போதுதான். ஜெயவேலுவிடம் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பால்கனிக் கதவை மூடி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். தினமும் சாயந்திரம் போனில் நான் குஞ்சுகளைச் சொல்வேன், அவள் படிக்கட்டைச் சொல்வாள். மஞ்சள் பூனைமயிர் உதிர்ந்து சாம்பல் சிறகு வந்துவிட்டது என்பேன். இன்று நிற்காமல் மூன்று மாடி என்பாள். ஒரு நாள் பெரிய குஞ்சு கம்பிவரை தத்தி ஏறி விழுந்ததைக் கேட்டு நெடுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு இருமல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வரவில்லை. நோட்டில் அதை எழுதினேன்.

இருபத்தொன்பதாம் நாள் கூடு காலி. முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஊறவைத்து, அள்ளினேன். மூன்று சிமெண்டுச் சாக்கு நிறைந்தது. திரைச்சீலையைக் கழற்றினேன், ஏசியைக் கழுவினேன், சுவரைத் துடைத்தேன். ஜெயவேலு வலையை இழுத்துக் கட்டிவிட்டு, "இனி ஒரு குருவி பூராது சார்" என்றார். பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது ஜெயசீலியைக் கூட்டிவந்தேன். இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறினாள். ஆனால் புது ஸ்கேன் அடுத்த மாதம்தான். மங்கல் போய்விட்டதா, தழும்பு ஏதாவது தங்கிவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும்.

மறுநாள் காலை காபி டம்ளரோடு போனபோது அவள் பால்கனிக் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வலைக்கு வெளியே, பால்கனி விளிம்பில் ஒரு புறா. அலகில் ஒரு வேப்பங்குச்சி, அதன் நுனியில் ஒற்றைப் பச்சை இலை. வலையின் ஒரு கண்ணில் குச்சியை நுழைத்துப் பார்த்தது. குறுக்கே மாட்டியது. பின்வாங்கி, இரண்டடி நகர்ந்து, அடுத்த கண்ணில் நுழைத்தது.

"எவ்வளவு நேரமா?" என்றேன்.

"விடிஞ்சதுலேர்ந்து."

கண்ணாடியில் விரல்களை ஊன்றிக்கொண்டு மெல்ல மூச்சை இழுக்க ஆரம்பித்தாள். டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன். வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி மேலே போனது. தோள் உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே அதை வைத்துக்கொண்டு, வெளியே விடாமல், இலையோடு அடுத்த கண்ணுக்கு நகர்ந்த புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.