சனூஸாவை அடித்த வீடு

என் படுக்கையறைக்குள் ஈட்டி மூக்குத் தளப்பத்து மீனொன்று பாய்ந்து காலில் குத்தியது என்று நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டவள் தயாளினி ஒருத்திதான். ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கிற பிள்ளை. காயத்தோடு வருகிறவர் எந்த இடத்தில் காயப்பட்டார் என்று கேட்டு, அந்த இடத்துக்குரிய இலக்கத்தைப் பதிவது அவள் வேலை.

"எங்க வச்சு நடந்தது, ஐயா?"

"படுக்கையறையில, மகள். சன்னலால வந்தது. கிண்ணியாவில எங்கட வீடு கடலோட ஒட்டினது."

"படுக்கையறைக்கு இலக்கம் இருக்கு," என்று தட்டினாள். "மீன் குத்தினதுக்கும் இருக்கு."

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பேச்சு வந்த நாள் முதல் பொய் சொல்கிறேன். இந்த மரியாதை எங்கும் கிடைத்ததில்லை. அவளிடம் குசினி, குளியலறை, முற்றம், கார்க்கொட்டில், வீட்டு நீச்சல் தடாகம் எல்லாவற்றுக்கும் இலக்கம் இருந்தது. எங்கள் தெருவில் நீச்சல் தடாகத்தில் விழ ஆசைப்படுகிறவன் முதலில் மண்வெட்டி வாங்க வேண்டும்.

கட்டுப் போட்டு, துறைமுகத்துக் கப்பல் தெரிகிற சன்னலோரம் வாங்கில் இருத்திவிட்டார்கள். அப்போதுதான் எனது பக்கத்து வளவு ஸுஹைர் தன் மனைவி சனூஸாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் இடக்கையை வலக்கையால் தாங்கியிருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவன் சட்டையில் மடிப்புக் கலையவில்லை, அத்தர் மணத்தது. அவளுடைய கைப்பையைக்கூட அவனே தோளில் மாட்டியிருந்தான், அவ்வளவு அன்பு.

நோவோடு இருப்பவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று, கூட்டி வந்தவரிடம்தான் அங்கே விவரம் கேட்பார்கள். என்னைக் கூட்டி வர ஆளில்லாததால்தான் என் மீன் தப்பியது.

"எங்க விழுந்தவ?"

"குசினியில, மிஸ். எண்ணெய் சிந்திக் கிடந்திருக்கு. இவவுக்கு எப்பவும் கவனமில்ல." சிரித்துக்கொண்டே அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டான்.

மீன்வாடியில் வெயிலில் கிடந்து நுரைத்த திருக்கைக் குடலை வெறுங்கையால் அள்ளிவிட்டு, அதே கையால் பிட்டுத் தின்றவன் நான். அந்த விரலைப் பார்க்க முடியவில்லை.

நோன்பு மாதம் அவள் விழுந்தது குளியலறையில். அதற்கு முன்னால் படுக்கையறை. இப்போது குசினி. தயாளினி குசினி என்று சுத்தமாகத் தட்டினாள். இனிக் கையைக் கட்டி அவனோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வீட்டில் இன்னும் அறைகள் மிச்சம் இருந்தன.

பொய்யில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பொய் சொல்கிறவன் கொஞ்சமாவது பாடுபட வேண்டும். இவன் எண்ணெயைத் தவிர ஒன்றும் யோசிக்கவில்லை. யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்ற திமிரில் சொன்ன சோம்பேறிப் பொய்.

"மகள், நான் இவையின்ட பக்கத்து வளவு," என்றேன். "அது பொல்லாத வீடு. போன மாசம் அலுமாரி வேலி பாய்ஞ்சு வந்து என்ட சேவலைத் துரத்தினது."

தயாளினியின் விரல் நின்றது. "அலுமாரியோ?"

"அலியார் சாச்சா, சும்மா இருங்க. மிஸ், இவர் கதை விடுற ஆள். ஊருக்கே தெரியும்."

"நீங்களே சொல்லுங்க தம்பி. உங்கட பொஞ்சாதிக்கு அடிக்கிறது வீடுதானே?"

என்னை ஓட்டிவிட்டால் போதும் என்று நினைத்தான் போலும். "ஓம், ஓம், வீடுதான்."

"அப்ப நீங்க அதுக்குள்ள இருக்க ஏலாது. நாளைக்கு உங்களுக்கும் அடிச்சா என்ன செய்யிற? அது அவட வாப்பா சீதனமாக் கட்டி, அவட பேருக்கு எழுதிக் குடுத்த வீடு. அவட சொல்லுக்கு அடங்கும். எங்கட பக்கம் மாப்பிளதானே பெட்டியோட வந்து குடியிருக்கிற? அந்தப் பெட்டியத் தூக்கிட்டு மூதூருக்கு உம்மா வீட்ட போங்க."

"பொத்து கிழவா வாய!" அவன் கை உயர்ந்தது.

கை என்னை நோக்கித்தான் உயர்ந்தது. தலையை மூடிக்கொண்டது சனூஸா. உடைந்த கையையும் சேர்த்துத் தூக்கி மூடினாள்.

தயாளினி கதிரையை விட்டு எழும்பிச் சுற்றி வந்தாள். அவனைக் கேட்கவில்லை. சனூஸாவுக்கு முன்னால் குந்தினாள்.

"நீங்க சொல்லுங்க தங்கச்சி. எங்க நடந்தது?"

"குசினியிலதான் மிஸ்."

ஸுஹைர் மூச்சு விட்டான்.

"எடம் சரி," என்றாள் சனூஸா. "எண்ணெய் சிந்தயில்ல. நான் விழவுமில்ல. அது என்ட வாப்பா கட்டின வீடு மிஸ், அது ஒரு நாளும் எனக்கு அடிச்சதில்ல. இவர்தான்."

தயாளினி திரும்பிப் போய் விழுந்ததற்குரிய இலக்கத்தை அழித்தாள். குசினியை அப்படியே விட்டாள். அடுத்ததாக ஆஸ்பத்திரிப் பொலிசுக்குப் போன் எடுத்தாள். ஸுஹைர் வாசல் பக்கம் நகர்ந்தான். காக்கிச் சட்டை அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டது.

"பேக்கத் தாங்க," என்றாள் சனூஸா. "வீட்டுக் கதவுத் திறப்பு அதுக்குள்ள."

பொலிஸ்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். அவள் நல்ல கையால் திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அவன் தோளில் கிடந்து அத்தர் மணத்த பையை இரத்தப் பஞ்சு போடுகிற வாளிக்குள் போட்டாள்.

பை தானாகவே நடந்துபோய் வாளிக்குள் இறங்கியது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்குப் பொய்யில் ருசி விட்டுப்போயிருந்தது.