பெயரிழந்த கோப்புகள்

கொட்டாஞ்சேனையில் தனியே வசிக்கும் பிறிஜெற், காலையில் எழுந்ததும் இரவு கண்ட கனவை மடிக்கணினியில் எழுதி வைப்பாள். ஒன்பது வருடப் பழக்கம். அன்றாடம் நடந்தவற்றையும் எழுதுவாள், வேறு கோப்புறையில். போன கிழமை மடிக்கணினி கறுத்த திரையோடு நின்றுவிட்டது.

வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் கணினி திருத்தும் ஹாஷிம் அதைக் கழற்றினார். உள்ளே மலிவான எஸ்எஸ்டி சேமிப்பு டிரைவ் ஒன்று இருந்தது.

“இதுட ஃபேம்வெயார், உள்ளுக்க இதை இயக்கிற மென்பொருள், பழுதாகியிருக்கி மிஸ். தன்ட பேரும் தெரியா, அளவும் தெரியா.”

“திருத்தேலாதா தம்பி?”

“புதுசா ஏத்தினா டிரைவ் வேலை செய்யும். ஆனா உள்ளுக்க உள்ளதெல்லாம் அழிஞ்சிரும். அதுக்கு முன்ன ஏலுமானதை வாசிச்சு எடுத்துப் பாக்கலாம்.”

“முதல்ல வாசிச்சு எடுங்கோ.”

சிறிய இடுக்கியால் அதன் சுற்றுப்பலகையில் இரண்டு புள்ளிகளைத் தொட்டபடி ஹாஷிம் மின்சாரம் கொடுத்தார். திரையில் எண்கள் மெல்ல ஊரத் தொடங்கின. ஜன்னலுக்கு வெளியே, தண்டவாளத்துக்கு அப்பால், கடல் மத்தியான வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. பிறிஜெற்றுக்குக் கண் சொருகியது. எவ்வளவு நேரமோ தெரியாது.

“முக்காவாசி வந்திட்டு மிஸ். ஆனா பேர், திகதி ஒண்டும் வரல்ல. எல்லாம் கலந்து கிடக்கு.”

அவள் ஒன்றைத் திறந்தாள். பொரளைச் சந்தியில் ஒரு மாடு குடை பிடித்துக்கொண்டு நேரம் கேட்டதாம். சிரித்தாள். அடுத்ததில், தண்ணீர்க் குழாய் திருத்த ஆள் வந்திருந்தான். மூன்றாவது: “றேணுகா வந்தாள். கதிரை நுனியில் இருந்து பிளேன்ரீ குடித்தாள். கோபமெல்லாம் போய்விட்டது என்றாள். போகும்போது என் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.”

துறைமுகக் கந்தோரில் பக்கத்து மேசையில் இருந்தவள் றேணுகா. ஒரு சண்டைக்குப் பிறகு நாலு வருடமாகக் கதை பேச்சில்லை. வந்தாளா? பிறிஜெற் எவ்வளவு யோசித்தும், கதிரையும் ஆவி பறக்கும் கோப்பையும் கண்ணுக்குள் தெரிந்தனவே தவிர, அது கனவா, நடந்ததா என்று பிடிபடவில்லை. தொலைபேசியை எடுத்தாள்.

“றேணு, நான் பிறிஜெற். ஒண்டு கேக்கவேணும். அந்தப் பிரச்சினைக்குப் பிறகு நீ எப்பவாவது என்ட வீட்டுக்கு வந்தனியா?”

கீழே ரயில் ஒன்று கடந்து போனது.

“வாசல் மட்டும் வந்தனான்,” என்றாள் றேணுகா. “பெல் அடிக்கேல்ல.”

“ஞாயிறு வாவன்.”

“பூசை முடிய வாறன்.”

பிறிஜெற் தொலைபேசியை மடியில் வைத்தாள்.

“எடுத்ததை வேற டிரைவ்ல போட்டிட்டன். இனி இதுக்குப் புதுசு ஏத்தவா மிஸ்?” என்று ஹாஷிம் கேட்டார்.

“ஏத்துங்கோ,” என்றாள், அப்போதுதான் நித்திரையால் எழும்பியவளைப் போல.