ஹோபர்ட்டின் அம்மா பாடிய பாட்டு

சனிக்கிழமை மதியங்களில் தீவனக் கடையின் பின்கட்டில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வாத்தியம் வாசிப்பார்கள். முறை வரும்போது ஆளுக்கொரு பாட்டு. எழுபத்தாறு வயது ஹோபர்ட் பான்ஜோவை மடியில் சாய்த்துத் தொண்டையைச் செருமினார்.

"இது எங்கம்மா பாடுனது. பீன்ஸ் உரிச்சுக்கிட்டே பாடும்."

முதல் வரியிலேயே வட்டத்தில் இருந்த வெஸ்லிக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருஷம் முன்பு அவன் மனைவி அட்ரா சமையலறை மேசையில் எழுதிய பாட்டு.

அட்ராவின் தம்பி க்ளே முழங்கையால் இடித்தான். "சொல்லுங்க மச்சான், அக்கா பாட்டுன்னு. பெருசு சும்மா அளந்து விடுது."

நவம்பரில் அட்ராவைப் புதைத்ததிலிருந்து வெஸ்லி யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. அவள் பெயர் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு இசைத்தட்டில், முந்நூறு பிரதி. இப்போது சொல்லாவிட்டால் இந்தப் பாட்டிலிருந்தும் அந்தப் பெயர் போய்விடும். முன்பு நாஷ்வில்லில் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, காதில் ஒட்டுகிற மாதிரி எதுவுமே இல்லையே என்றார். பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு எங்கே என்று கேட்கிற குரலில்தான் அட்ரா எப்போதும் பாடுவாள். திரும்பும்போது காரில் சிரித்தாள்: "புதுசா தெரியக் கூடாது, காலங்காலமா பாடுற பாட்டு மாதிரி இருக்கணும்னுதானே ஒரு மாசம் மண்டைய உடைச்சிக்கிட்டேன்."

ஹோபர்ட் இரண்டாம் சரணத்தோடு நிறுத்தினார். "மூணாவது ஒண்ணு உண்டு. மறந்து தொலைச்சிட்டேன். யாருக்காச்சும் தெரியுமா?"

உண்டுதான். அட்ராவின் நோட்டில் மட்டும். பாட்டு அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று பதிவின்போது விட்டுவிட்டாள். வெஸ்லியைத் தவிர ஒருவரும் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"அப்புறம் என்னப்பா கல்லு மாதிரி உக்காந்திருக்கே? பாடு."

க்ளேயின் கிட்டாரை வாங்கிக்கொண்டான். கொடியில் காயும் கணவனின் சட்டையை மடிக்க மனமில்லாமல் ஒருத்தி மழைக்கே விட்டுவிடுகிற சரணம். குரலை உயர்த்தாமல் பாடினான்.

ஹோபர்ட் கண்ணை மூடித் தலையாட்டினார். "அதேதான்! ஒரு சொல்லு பிசகல. எங்கம்மா அப்படியேதான் பாடும்."

க்ளே வாயைத் திறந்தான். வெஸ்லி அவன் காலை மிதித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முதுகு நிமிர்ந்திருந்தது.

"இன்னொரு தரம்" என்றார்கள். மறுபடி பாடினான். எதிரே ஒரு பெண்மணி பிடில் வில்லை மடியில் போட்டுவிட்டு, சின்ன வயதிலிருந்தே தெரிந்தவள்போல அந்தச் சரணத்துக்கு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.