வாக்குப்பதிவு நாளில் ஒரு பிக்கப் வண்டி

கம்பெனி அனுப்பிய செய்தியை மேஸ்திரி சாப்பாட்டுக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தார். நாளைக்குத் தேர்தல். வெளிநாட்டுத் தொழிலாளிகள் யாரும் கேம்ப் வாசலைத் தாண்ட வேண்டாம். தாண்டியே ஆக வேண்டுமென்றால் கூட்டம் கண்ட இடத்தில் நிற்கக் கூடாது, போனில் படம் எடுக்கக் கூடாது, அரசியல் பேசக் கூடாது. பச்சைச் சட்டையும் போடக் கூடாது, ஊதாச் சட்டையும் போடக் கூடாது. இரண்டும் கட்சி நிறம்.

“சட்டையே போடாமப் போனா?” என்று கேட்டான் ரேடியோ.

“மூணாவது கட்சின்னு ரெண்டு பேரும் சேர்ந்து மிதிப்பான்,” என்றார் மேஸ்திரி.

கூடம் சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை. ரேடியோ அவனுடைய தங்கை புருஷன். நாளைக்கு அந்த வாசலைத் தாண்டியே ஆக வேண்டியவனும் அவன் ஒருவன்தான்.

ரேடியோவுக்குக் கான்கிரீட் போடுகிற இடத்தில் வைப்ரேட்டர் பிடிக்கிற வேலை. கலவைக்குள் குழாயை விட்டு ஆட்டும்போது எழும் இரைச்சலையும் மீறிப் பேசிக்கொண்டே இருப்பான். அதனால் வந்த பெயர். முதலில் வந்து சேர்ந்த கம்பெனியில் சூப்பர்வைசர் செருப்பால் அடித்தான் என்று சுவரேறிக் குதித்து வந்தவன். அன்றிலிருந்து விசா இல்லாத ஆள். இந்த வருஷம் அரசாங்கம் மன்னிப்பு அறிவித்தது. கெடு முடிவதற்குள் நாட்டை விட்டுப் போகிறவன் போகலாம், தவறினால் சிறை. கெடுவின் கடைசி நாளுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. ஒருமுறை தள்ளிவைத்த தேர்தலும் அதே நாளில் வந்து விழுந்தது.

அந்தச் சிறையில் இருந்துவிட்டு வந்த பிளம்பர் ஒருவன் கேம்பில் இருந்தான். முன்பற்கள் கிடையாது. தூக்கத்தில் படுக்கையை நனைப்பான். யாரும் கேலி செய்வதில்லை.

“அண்ணே, எனக்கு ஒண்ணும் வேணாம். ஆளை அனுப்பி வை, போதும்,” என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். “அங்க புடிச்சுப் போட்டுட்டான்னா நான் யார்கிட்டப் போய் நிக்கிறது?”

மறுநாள் மத்தியானம் டிரைவர் பிக்கப்பின் பின்பக்கத்தைக் காலி செய்தான். கடப்பாரை, சம்மட்டி, இரண்டு மண்வெட்டி, கம்பி வெட்டுகிற கட்டர், எல்லாவற்றையும் இறக்கிவைத்தான்.

“ஒண்ணாவது இருக்கட்டுமே மச்சான்,” என்றான் ரேடியோ.

“கடப்பாரையோட போனா தோட்டம் போடப் போறோம்னு நெனைப்பானா? ஏறு. இங்க பாரு மாப்ள, எவன் என்ன கேட்டாலும் நான் பேசிக்கிறேன். நீ ஊமை.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“பிளேன் ஏறுற வரைக்கும்.”

“அதுக்கு என்னைத் தார்ப்பாயில சுருட்டிப் பின்னால போட்டுரு.”

டிரைவருக்கு அந்த ஊர் பாஷை நன்றாக வரும். ரேடியோவுக்குத் தண்ணி, சோறு, சரி சார், இவ்வளவுதான்.

பெரிய ரோட்டில் பேரணி இருக்கும் என்று கிடங்குகளுக்குப் பின்னால் போகிற ரோட்டில் வண்டியைத் திருப்பினான் டிரைவர். கடைகள் எல்லாம் ஷட்டர் போட்டிருந்தன. வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் ஒரு பஸ் எரிந்து முடிந்து கம்பிகளாக நின்றது. அதைத் தாண்டியதும் ஊதாச் சட்டைக்காரன் ஒருவனை நாலு பேர் துரத்திக்கொண்டு வந்தார்கள். நடைபாதையில் அவன் தடுக்கி விழுந்தான். ஒருவன் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ள, இன்னொருவன் நாற்காலிக் காலால் பின்மண்டையில் அடித்தான். தேங்காய் உடைக்கிறவன் அடிப்பதுபோல, இடம் பார்த்து, அவசரமில்லாமல்.

“மச்சான், அவன…”

“பாக்காத. முன்னால பாரு.”

“செத்துருவான் மச்சான்.”

“ரேடியோவ நிறுத்து.”

அடுத்த திருப்பத்தில் ரோட்டின் குறுக்கே மின்கம்பம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் டயர்கள் எரிந்தன. பச்சைத் துணியைக் கையில் கட்டிய இருபது முப்பது பேர். பின்னால் போக வழியில்லை, அதற்குள் பின்பக்கமும் ஆட்கள் வந்துவிட்டார்கள். டிரைவர் வண்டியை நிறுத்தி இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் விரித்து வைத்தான்.

சதைப்பிடிப்பான ஒருவன் ஜன்னலுக்கு வந்தான். வெறும் மார்பு. கையில் தண்ணீர்க் குழாய்த் துண்டு, அதன் நுனியில் முடி ஒட்டியிருந்தது.

“விரலைக் காட்டு,” என்றான்.

டிரைவருக்கு விஷயம் தெரியும். ஊதாச் சட்டை ஆளுங்கட்சிக்காரன் வெளிநாட்டுக் கூலிகளை பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து கள்ள வாக்குப் போட வைக்கிறான் என்று காலையிலிருந்து ஊரெல்லாம் பேச்சு. அந்த பஸ் எரிந்ததும் அதனால்தான். விரலில் மை இருந்தால் முடிந்தது.

டிரைவர் பத்து விரலையும் நீட்டினான். ரேடியோவும் நீட்டினான். வெறுமார்பன் எச்சில் தொட்டு ஒவ்வொரு நகமாகத் தேய்த்துப் பார்த்தான். சிமென்ட் தின்ற விரல்கள், வெடிப்பு விழுந்து வெளுத்திருந்தன. மை இல்லை.

“எங்க போறீங்க?”

“இவன் ஊருக்குப் போறான். கொண்டு விடப் போறேன். இதோ பாஸ்போர்ட்.”

“இவன் ஏன் பேச மாட்டேங்கிறான்?”

“பாஷை தெரியாது.”

வெறுமார்பன் ரேடியோவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். ரேடியோ வாயைத் திறக்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் வேடிக்கைக்கு முன்விளக்கை உடைத்தான். அதோடு அவர்களுக்கும் சலித்துவிட்டது. வெறுமார்பன் கையை ஆட்டினான். ஆறு பேர் குனிந்து கம்பத்தின் ஒரு நுனியைத் தூக்கி நகர்த்தத் தொடங்கினார்கள்.

டிரைவர் கியரைப் போட்டான். அவசரத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட, வண்டி குலுங்கி அணைந்தது. அதே நேரத்தில் குடித்திருந்த ஒருவன் பின்பக்கம் ஏறி, கையிலிருந்த கல்லால் பின்கண்ணாடியை இடித்தான். கண்ணாடி ரேடியோவின் கழுத்தில் கொட்டியது. அதுவரை அடக்கிவைத்தது மொத்தமும் அவன் வாயிலிருந்து கிளம்பியது.

“ஓட்டு மச்சான்! ஓட்டு! ஓட்டு!”

கம்பத்தைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

அந்த ஊரிலும் வாக்குக்கு வோட்டுதான். வெள்ளைக்காரன் போகும்போது எல்லா ஊரிலும் விட்டுவிட்டுப் போன சொல். ஒரு மாதமாக ஒலிபெருக்கியில் அந்த ஊர்க்காரர்கள் கேட்டதும் அதைத்தான். வண்டியை எடுக்கச் சொல்ல ரேடியோவுக்குத் தெரிந்ததும் அந்த ஒரு சொல்தான்.

“பாஷை தெரியாதுன்னான்! வோட்டுங்கிறான் பாரு!”

“அது இல்லை! எங்க பாஷையில அது வேற! வண்டியை எடுன்னு அர்த்தம்!” டிரைவர் கத்தினான். ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் பார்த்தார்கள். கம்பம் தொப்பென்று கீழே விழுந்தது.

ரேடியோ பக்கத்துக் கதவு திறந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். “மையை அழிச்சிட்டு வந்திருக்கான்,” என்று யாரோ சொன்னார்கள். வெறுமார்பன் ரேடியோவின் வலது மணிக்கட்டை மிதித்து அழுத்திக்கொண்டு குழாயை இறக்கினான். முதல் அடி விரல்களில். இரண்டாவது வாயில். டிரைவரை ஜன்னல் வழியாகவே இரண்டு பேர் குத்தினார்கள், மூக்கு உடைந்து ரத்தம் சட்டைக்குள் சூடாக இறங்கியது.

“மச்சான்…” என்று கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

டிரைவர் சாவியைத் திருப்பினான். இஞ்சின் பிடித்தது. பின்னால் எடுத்தான், பின்பக்கம் நின்ற குடிகாரன் உருண்டு விழுந்தான். கியரை மாற்றி, ரேடியோவுக்கு ஒரு முழம் தள்ளி ஸ்டீயரிங்கை ஒடித்து மிதித்தான். கூட்டம் சிதறியது. குனிந்திருந்த வெறுமார்பன் நிமிர்வதற்குள் பம்பர் அவன் இடுப்பில் இடித்தது. ஆள் காணாமல் போனான். முன்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. சிமென்ட் மூட்டை மேல் ஏறினால் இப்படி இருக்காது என்பது டிரைவருக்குத் தெரியும். மூட்டை கத்தாது.

பிரேக்கை மிதித்து, திறந்த கதவுப் பக்கம் சாய்ந்து, ஒரு கையால் ரேடியோவின் பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான். கதவு திறந்தபடியே கிடக்க, எரிகிற டயர்களின் மேல் ஏறி, கம்பத்தின் நகர்ந்த பக்கமாக நுழைந்து போனான். கல் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது.

ஏர்போர்ட் வண்டிகள் நிறுத்துமிடத்தின் கடைசியில் ஒரு குழாய் இருந்தது. ரேடியோவை அதன் கீழே உட்காரவைத்துக் கழுவினான். மேல் உதடு இரண்டாகக் கிழிந்திருந்தது. மூன்று பற்கள் இல்லை. வலது கை விரல்கள் வாழைப்பழப் பருமனுக்கு வீங்கி, ஒன்று வேறு திசையைப் பார்த்தது.

“அந்தாளு?” என்றான் ரேடியோ. காற்றுத்தான் வந்தது.

“தெரியல.”

“செத்துட்டானா?”

“தெரியலங்கிறேன்ல. கையைத் தூக்கு.”

டிரைவர் தன் சட்டையைக் கழற்றி, ரத்தம் பட்ட பகுதியை அலசிப் பிழிந்து அவனுக்கு மாட்டினான். ரேடியோவின் சட்டை சட்டையாகவே இல்லை.

“என்னால ஆகாது மச்சான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.”

“ஆஸ்பத்திரிக்குப் போனா ராத்திரி முடியுது கெடு. காலையில உன்னைக் கட்டிலோட ஜெயிலுக்குத் தூக்கிட்டுப் போவான். நடக்க முடியுதுல்ல?”

“நீயும் வந்துரு.”

“உன் மடியில உக்காந்து வரவா? யாராவது கேட்டா சாரத்துல இருந்து விழுந்தேன்னு சொல்லு. அந்த வார்த்தையை மட்டும் படிச்சுக்க.” அந்த ஊர் பாஷையில் அதைச் சொல்லிக் கொடுத்தான். ரேடியோ மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். பல் இல்லாமல் அது இன்னும் இயல்பாக வந்தது.

வாசல் காவலாளி பாஸ்போர்ட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். ரேடியோ அந்த வார்த்தையைச் சொன்னான். காவலாளி தலையை ஆட்டி உள்ளே விட்டுவிட்டான். கூலிக்காரன் உடைந்து ஊருக்குப் போவதில் அவனுக்குப் புதுசாக எதுவும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேடியோ ஒருமுறை திரும்பினான். டிரைவர் போ போ என்று கையை வீசினான்.

வண்டியிடம் வந்தபோதுதான் கதவு கண்ணில் பட்டது. கம்பெனிப் பெயர், ஒரு சாண் உயர எழுத்தில். அதை அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். போலீஸுக்கு இதற்குள் தகவல் போயிருக்கும். வண்டி இங்கே நின்றால் அவர்கள் நேராக விமானத்துக்குப் போய்த் தேடுவார்கள். ராத்திரி விமானம், கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

பனியனோடு ஏறி உட்கார்ந்தான். ஏர்போர்ட்டுக்கு நேர் எதிர்த்திசையில், துறைமுகத்தைப் பார்த்து வண்டியை விட்டான். வழியில் தங்கை கூப்பிட்டாள்.

“ஏறிட்டாராண்ணே?”

“உள்ள போயிட்டான். கொஞ்சம் அடி பட்டிருக்கு, பாத்துப் பயப்படாத.”

“அடியா? நீ எங்க இருக்க?”

“வண்டியில. வை.” போனை அணைத்து ஜன்னல் வழியாகக் கால்வாயில் போட்டான்.

பாலத்தில் பிடித்தார்கள். ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்துக் கால்களைக் கட்டினார்கள். எதிர்ச் சுவரில் கடிகாரமும் அதன் கீழே டிவியும் இருந்தன. டிவியில் வாக்கு எண்ணிக்கை தொடங்கியிருந்தது.

“கூட இருந்தவன் எங்கே?” ரப்பர் பைப் உள்ளங்காலில் விழுந்தது.

“குதிச்சு ஓடிட்டான் சார்.”

“எங்கே?”

“துறைமுகம் பக்கம். கப்பல்ல ஏறப் போறேன்னான்.”

இரண்டு பேர் ஜீப்பை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவன் பச்சை, ஒருவன் ஊதா என்பது டிவியில் எண்கள் மாறும்போது தெரிந்தது. தன் கட்சி பின்தங்கும்போது அடிக்கிறவன் பலமாக அடித்தான்.

“நீ ஏத்துனவனுக்குத் தொடையோட கால் எடுத்தாச்சு. தெரியுமா?”

தெரியாது. அந்த முகத்தை நினைக்கப் பார்த்தான். நினைவுக்கு வந்தது முடி ஒட்டிய குழாய்த் துண்டுதான். அடுத்த அடி விழுந்தது. கால் இருக்கிறதா என்று தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் அசைவதே இல்லை என்று தோன்றியது. கண்ணை மூடி மனசுக்குள் கான்கிரீட் சட்டிகளை எண்ணினான், பாதியில் விட்டான், மறுபடி எண்ணினான். ஒருமுறை வாந்தி எடுத்தான். ஒருமுறை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான், திறந்த வாயால் பெஞ்சுப் பலகையைக் கடித்துக்கொண்டான்.

ஜீப்பில் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவன் மண்டையில் அடித்ததில் கண்ணில் ரத்தம் இறங்கி கடிகாரம் மங்கலாகிவிட்டது.

“சார், மணி என்ன?” என்றான்.

“எதுக்குடா? உனக்கு ரயிலுக்கு நேரமாச்சா?”

“சொல்லுங்க சார். சொன்னா எல்லாம் சொல்லிடறேன்.”

ஊதாக்காரன் சுவரைப் பார்த்துச் சொன்னான். டிரைவர் அதை மனசுக்குள் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தான். விமானம் கிளம்பி ஒரு தேநீர் குடிக்கிற நேரம் தாண்டியிருந்தது. கடித்த பலகையிலிருந்து முகத்தை எடுத்தான்.

“அவன் என் தங்கச்சி புருஷன் சார்,” என்றான். “இப்ப மேல பறந்துட்டிருக்கான்.”

பச்சைக்காரனும் ஊதாக்காரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சைக்காரன் எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, பைப்பைக் கையில் எடுத்தான்.