பத்து முடிச்சு

“மொதல்ல அந்தக் கையுறையக் கழட்டுங்க,” என்றாள் பில்சுன். “செத்துக் கெடக்கறது என் தங்கச்சி. அவளையே நான் வெறுங்கையாலதான் தொட்டேன். கந்தலத் தொட உங்களுக்குக் கையுறையா?”

குவாக் கழற்றவில்லை. கலைக்கூடத்தின் இயக்குநர் அவர். வட்டக் கண்ணாடி, மழித்த தலை, காலர் இல்லாத கறுப்புச் சட்டை. துக்கத்துக்கென்று அவர் தனியாக உடுத்தியிருக்கவில்லை. வருடம் முழுவதும் அந்தக் கோலம்தான். ஓர் அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, தென்கொரியாவின் பூசான் நகர மருத்துவமனையின் அடித்தளத்தில், இறந்தவர்களுக்கு உடை உடுத்திவிடும் அறை வாசலில் நின்றார். பெட்டிக்குள் இருந்தது தங்கை பில்னாம் தன் சாவுக்கென்று தானே தைத்த உடுப்பு. பில்சுன் மூன்று முறை தொலைபேசியில் கத்திய பிறகு அதைக் கொண்டுவந்திருந்தார். கொண்டுவந்தாரே தவிர கொடுக்கவில்லை. இரண்டு மணிக்குச் சவப்பெட்டியில் வைக்கவேண்டும். மணி ஒன்று பத்து.

“அம்மா, இது துணி இல்ல, படைப்பு. வெளிநாட்டுக் கண்காட்சிக்குக் கேட்டிருக்காங்க. பதிலுக்கு, செத்தவங்களுக்குப் போடற ஒசத்தியான சணல் உடுப்பு ஒண்ணு எங்க செலவுல கொண்டாந்திருக்கேன்.”

“இதப் போட்டுக்கிட்டுத்தான் போவேன்னு அவ எழுதி வெச்சிருக்கா.”

“கருத்தளவுல சொன்னாங்கம்மா.”

“நாளைக்கு எரியப்போறதும் கருத்தளவுலயா?”

அறைக்குள் தண்ணீர்ப் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டிருந்த, உடுத்திவிடுகிறவர் இருமிக்கொண்டார். அவர் சிரித்திருக்கலாம்.

தங்கையைப் பற்றிப் பில்சுனுக்குப் பெருமை எதுவும் கிடையாது. சந்தையில் துணி திருத்தும் கடை வைத்து முப்பத்தோரு வருடமாக மற்றவர்களின் கால்சட்டைகளை வெட்டி மடித்துத் தைக்கிறவள் பில்சுன். பில்னாம் ஒரு வருடம் குளிர்ப்பெட்டியின் கதவை முதுகில் கட்டிக்கொண்டு கடற்கரையில் நடந்தாள். அதைப் படம்பிடித்து இருட்டறையில் ஓட்டினார்கள். அடுத்த வருடம் எழுபது சோற்றுக் குக்கர்களின் விசில் சத்தத்தைப் பதிவு செய்தாள். பிறகு ஓவியம், பிறகு நடனம். பல்துறைக் கலைஞர் என்றது செய்தித்தாள். எந்தத் துறையும் முழுசாகத் தெரியாதவர்களுக்கு அப்படியும் ஒரு பட்டம் உண்டு என்று பில்சுன் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். மாதம் ஒருமுறை பில்னாம் அக்காவின் கடைக்கு வந்து, வெட்டிப்போட்ட விளிம்புத் துண்டுகளை மூட்டையாக அள்ளிப் போவாள். குப்பைக்காரனுக்கு வேலை மிச்சம். ஐம்பத்து மூன்று வயதில் கணையத்தில் புற்றுநோய் வந்தபோதும், மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டுதான் இருந்தாள்.

பில்சுன் பெட்டியைப் பிடுங்கினாள். குவாக்குக்கு இழுபறி பழக்கமில்லை, விட்டுவிட்டார்.

மேசையில் விரித்தபோது ஜீன்ஸ், பள்ளிச் சீருடை, கல்யாணக் கோட்டு எல்லாவற்றின் விளிம்புகளும் ஒன்றாகி நீளமான அங்கியாகக் கிடந்தன. தையல் கோணல். இரண்டு கைகளும் ஒரே நீளமில்லை. கடையில் வேலைக்கு வந்தவள் இப்படித் தைத்திருந்தால் பில்சுன் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள்.

உடுத்திவிடுகிறவர் குனிந்து பார்த்தார். “அம்மா, இதுல முடிச்சு போட்டிருக்கே. இப்படியே உடுத்தலாங்களா?”

இறந்தவர் உடுப்பில் யாரும் நூலில் முடிச்சுப் போட மாட்டார்கள். போகிறவர் வழியில் சிக்கிக்கொள்வார், இருக்கிறவர்களின் காரியமும் சிக்கிக்கொள்ளும். ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பில்னாமுக்குத் தெரியவில்லை. எல்லாத் தையலின் முனையிலும் முடிச்சு. ஒன்றல்ல, ஒன்றையடுத்து ஒன்றாக, கறுப்பு மணிகள்போல.

“அதத் தொடாதீங்க!” என்று குவாக் உள்ளே ஓடிவந்தார். “முடிச்சுதாம்மா இதோட உயிர். வழக்கத்தையே எதிர்த்து நின்னிருக்காங்க. ஒவ்வொரு முனையிலயும் சரியாப் பத்து. பாதாளத்தோட பத்து அரசர்கள் செத்தவங்கள விசாரிப்பாங்களே, அந்தப் பத்து. நான் இதப் பத்தி நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்.”

“பத்தா?”

“எண்ணிப் பாருங்க.”

பில்சுன் கழுத்தோரம் ஒரு முனையை விரலால் வருடி எண்ணினாள். பத்து. தோளில் எண்ணினாள். பத்து.

முந்தின வருட அறுவடைப் பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு. கடையில் துணி மலையாகக் குவிந்திருந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசி.

“அக்கா, கையால தச்சா நூலு உருவிக்குதே, என்ன பண்றது?”

“முடிச்சுப் போடுடி. இதுகூடத் தெரியாம இருபத்தஞ்சு வருசமா கலை பண்றியாக்கும்.”

“எத்தன போடணும்?”

“பத்துப் போடு. ஆள விடு.”

என்ன தைக்கிறாய் என்று கேட்கவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

குவாக் இப்போது ஐந்தாவது அரசரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நாற்பது பக்கத்துக்கும் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொல் வாய்வரைக்கும் வந்தது. பில்சுன் அதை விழுங்கிவிட்டு, பையிலிருந்து தையல் பிரிக்கிற கத்தியை எடுத்தாள்.

“அம்மா! அழிச்சிடாதீங்க!”

“போற வழியில இவ மாட்டிக்கிட்டு நின்னா, உங்க கண்காட்சிலேர்ந்து யாரு போய் எடுத்துவிடுவாங்க?”

ஒவ்வொரு முனையிலும் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். முடிச்சு போன இடத்தில் நூலை எச்சில் தொட்டு முறுக்கி, மடிப்புக்குள் செருகினாள். நாற்பது நிமிடம் நிமிரவில்லை. குவாக் சிறிது நேரம் தலையில் கைவைத்து நின்றார். பிறகு முழங்காலிட்டு, விழுந்த முடிச்சுகளை இடுக்கியால் பொறுக்கி, முனைக்கொரு சிறு உறையில் போட்டு எண் எழுத ஆரம்பித்தார். கையுறை இப்போதும் இருந்தது.

“மெதுவா,” என்றாள் பில்சுன், உடுத்திவிடுகிறவர் தங்கையின் கையைத் தூக்கியபோது. “தையல் விட்டுரும்.”

அங்கியின் நீளமான கை விரல்களை மூடிவிட்டது. குட்டையான கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. அதை இரண்டு முறை கீழே இழுத்துவிட்டாள். கீழே நிற்கவில்லை.

நான்கு மணிக்கு மருத்துவமனையின் துக்கக் கூடம் நிரம்பியது. கலைக்காரர்கள் பில்னாமின் புகைப்படத்தின் முன் இரண்டு முறை விழுந்து வணங்கிவிட்டு, தாழ்ந்த மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து மாட்டிறைச்சிச் சூப்பு உறைக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். குவாக் பில்சுன் எதிரில் வந்து உட்கார்ந்தார். உறைகளை மேசையில் அடுக்கி எண்ணினார், மறுபடி எண்ணினார்.

“ஒரு உறையில ஒம்பதுதான் இருக்கு,” என்றார். “உங்க துணியில எங்கயாச்சும் ஒட்டியிருக்குதா, பாருங்கம்மா.”

“சூப்பு ஆறுது. சாப்பிடுங்க.”

அவள் வலது கை மேசைக்கு அடியில் மூடியே இருந்தது. இடது கையால் கரண்டியை எடுத்தாள். பழக்கமில்லாததால் சூப்பு கொஞ்சம் சிந்தியது.